தாய் சி செய்தால் நோய் எதிர்ப்பு சக்தி கூடுமா? கேள்வி பதில்

சத்துவாச்சாரி: எதிர்ப்பு சக்தி கூடும் என்கிறார்களே, ஆதாரம் உண்டா சார்?

உண்டு. 2007-ல் வெளியான ஓர் ஆய்வுக்கு லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த மைக்கேல் இர்வின் குழு, 59 முதல் 86 வயதுள்ள 112 பேரை எடுத்துக்கொண்டது. எல்லோரும் சின்னம்மை வந்து போனவர்கள். ஒரு பிரிவுக்கு 16 வாரம் தாய் சி (மெதுவான அசைவும் மூச்சும் சேர்ந்த சீனப் பயிற்சி), மறு பிரிவுக்கு உடல்நல வகுப்பு, பிறகு இரண்டு பிரிவுக்குமே சின்னம்மைத் தடுப்பூசி. அம்மை வைரஸ் நரம்பில் பதுங்கிக் கிடந்து, வயதான காலத்தில் அக்கியாகக் கிளம்பக்கூடும். அதை அடக்கி வைப்பது ரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகையான டி செல்கள். தாய் சி பிரிவில் அந்த டி செல் பலம் ஏறிய வேகம் மற்றவர்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஊசி போடுவதற்கு முன்பே ஏறத் தொடங்கியிருந்தது. ஆனால் அளந்தது ரத்தத்தை. எத்தனை பேருக்கு அக்கி வந்தது என்பதை அல்ல.

குடியாத்தம்: அம்மாவுக்கு முடக்குவாதம். எதிர்ப்பு சக்தி கூடினால் மூட்டு இன்னும் வீங்காதா?

அருமையான கேள்வி. எதிர்ப்பு மண்டலம் குழாயைத் திறந்தால் கூடுகிற தண்ணீர் அல்ல. மனஅழுத்தம் தணிந்து தூக்கம் சீரானால் தேவையற்ற அழற்சி கொஞ்சம் இறங்கும். சில ஆய்வுகளில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்தப் புரதம் குறைந்திருக்கிறது. அம்மா தாராளமாகச் செய்யலாம், மூட்டு சூடாக வீங்கியிருக்கும் நாட்களைத் தவிர. முடக்குவாத மருந்தான மெத்தோட்ரெக்ஸேட்டை மட்டும் நிறுத்தவே கூடாது.

காட்பாடி: எப்படித் தொடங்குவது?

தாய் சிக்கு உறவான சீன மூச்சுப் பயிற்சி சிகோங். அதன் ‘எட்டுப் பட்டு’ வரிசையில் முதல் அசைவு போதும். பாதங்கள் தோளகலம், முழங்கால் லேசாக மடங்கட்டும். விரல்களைக் கோத்து, மூக்கால் மூச்சை இழுத்தபடி கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி, உள்ளங்கையை வானம் பார்க்கத் திருப்புங்கள். மூச்சை விட்டபடி இறக்குங்கள். 8 முறை. மேலே நிற்கும்போது மூச்சைப் பிடித்தால் ரத்த அழுத்தம் ஏறும். முழங்கால் உள்பக்கம் சாய்ந்தால் வலி வரலாம்; அது கால் பெருவிரலுக்கு நேராக இல்லாமல் இரண்டாவது விரலுக்கு நேராக இருக்க வேண்டும். மே மாத வேலூர் வெயிலில் காலை 6 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

ஆற்காடு: காஞ்சி போதிதர்மர் கொண்டுபோனதை சீனக் கலை என்கிறீர்களே?

போதிதர்மர் தென்னிந்தியர் என்று ஒரு மரபு சொல்கிறது, அதை மதிக்கிறேன். அவர் பெயரில் வழங்கும் ‘யீஜின்ஜிங்’ பயிற்சி நூல் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அவருக்கு ஆயிரம் ஆண்டு பிந்தியது. தாய் சியின் தடமும் அதே நூற்றாண்டில், ஹெனான் மாகாணத்துச் சென் கிராமத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது.

ராணிப்பேட்டை: வெள்ளைக்காரன் எழுதியதை நம்புகிறீர்கள்.

இல்லை ஐயா. 1930-களில் இதைத் தோண்டி எடுத்தவர் தாங் ஹாவ் என்ற சீனர். ஷாவோலின் மடத்துப் போர்க்கலை போதிதர்மர் தந்தது என்ற தம் நாட்டுக் கதையையே அவர் மறுத்தார். இல்லாத பெருமையை ஏற்றினால் போதிதர்மரின் தியான மரபுக்குத்தான் குறை.

வாணியம்பாடி: எத்தனை நாளில் பலன்?

முதல் பதிலில் இருக்கிறது: 16 வாரம்.

ஆம்பூர்: சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. எந்த மாத்திரையையும்.

அரக்கோணம்: டெங்கு வராமல் தடுக்குமா?

தடுக்காது. தண்ணீர்த் தொட்டியை மூடி வையுங்கள்.