உப்புப் பார்த்துச் சொல்லுங்கள்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 19. மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் இருக்கிறேன். மாமாவிடம் புல்லாங்குழல் கற்றேன். பழைய வீடியோ கேம் மெட்டுகளை எடுத்து வீட்டுக் கணினியில் ரீமிக்ஸ் செய்வது என் பொழுதுபோக்கு. ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டில் தண்ணீருக்கடியில் நீந்தும்போது வரும் மெட்டைக் குழலில் வாசித்து, ரவான் என்ற நம் தீவின் தோல்மேளத்தைச் சேர்த்து, மூன்றரை நிமிட ரீமிக்ஸ் ஒன்று செய்தேன். ‘ஆரம்ப முயற்சிதான், மோசமாகத்தான் இருக்கும், மன்னிக்கவும்’ என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன். சித்தப்பா பிள்ளைகள் கிரியோலில் ‘மாரி ஸோலி’, ரொம்ப அழகு, என்றார்கள். இசை தெரிந்த நண்பன் ஒருவன், ‘ரவான் மெட்டையே விழுங்கிவிட்டது, அதைத் தூக்கிவிட்டு டிரம்ஸ் போடு’ என்றான். பெரியப்பா, ‘விளையாட்டுப் பாட்டை விட்டுவிட்டு உருப்படியாக ஏதாவது வாசி’ என்றார். ஒரு வாரமாகக் கணினியைத் திறக்கவில்லை.

இதற்கிடையில் க்வாத்ர் போர்னில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தங்கை, 15 வயது, ‘டெட்ரிஸ்’ மெட்டில் தன் முதல் ரீமிக்ஸைச் செய்து அனுப்பி, ‘அண்ணா, உண்மையைச் சொல்’ என்கிறாள். எல்லாச் சுரமும் ஒரே பலத்தில், கடிகாரம் அடிப்பதுபோல இருக்கிறது. நான் யாரை நம்புவது? அவளிடம் என்ன சொல்வது? என் பாட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: தம்பி, உங்கள் ரீமிக்ஸை நான்கு முறை கேட்டேன். முதல் முறை கைப்பேசியைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டுக் கேட்டேன். குழல் தெளிவாக, தண்ணீரில் மிதப்பதுபோல வந்தது. சித்தப்பா பிள்ளைகள் சொன்னது சரி என்று பட்டது. பிறகு ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்டேன். 48ஆவது வினாடியில் ரவான் நுழைந்ததும் குழலின் கீழ்ச்சுரங்கள் காணாமல் போயின. 1 நிமிடம் 20 வினாடியில் நீங்கள் மேல் ஸ்தாயிக்கு ஏறிய பிறகுதான் மெட்டு மறுபடி கைக்குக் கிடைத்தது. உங்கள் நண்பன் சொன்னதும் சரிதான்.

யாரும் பொய் சொல்லவில்லை. கைப்பேசியில் இருக்கும் சின்ன ஒலிபெருக்கியால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை ஏறக்குறைய எழுப்பவே முடியாது. ரவானின் ‘தொம்’ பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே கைப்பேசியில் கேட்டவர்களுக்கு உங்கள் ரவானில் பாதி போய்ச் சேரவே இல்லை. ஹெட்ஃபோனில் அது முழுதாக வருகிறது. நம் காதுக்கும் ஒரு குணம் உண்டு. தாழ்ந்த ஸ்தாயி ஒலி உரக்க வந்தால் தனக்கு மேலே உள்ள ஒலியை மூடிவிடும். உயர்ந்த ஸ்தாயி ஒலி கீழே உள்ளதை அந்த அளவுக்கு மூடுவதில்லை. இனி யார் கருத்துச் சொன்னாலும் ‘எதில் கேட்டீர்கள்?’ என்று முதலில் விசாரியுங்கள். ஒன்றோடொன்று மோதுவதுபோலத் தோன்றும் கருத்துகளில் பலவற்றை அந்த ஒரு கேள்வியே தீர்த்துவைக்கும்.

இப்போது நண்பனின் வார்த்தைகளைப் பிரித்துப் பாருங்கள். அவன் இரண்டு விஷயங்களை ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறான். ‘ரவான் மெட்டை விழுங்கிவிட்டது’ என்பது அவன் காதில் நடந்தது. அதை மறுக்க உங்களுக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. ‘டிரம்ஸ் போடு’ என்பது அவன் செய்ய விரும்பும் பாட்டு. அதை அவன் செய்யட்டும். கேட்டவர் எங்கே இடறினார் என்பதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் வைத்தியத்தை உங்கள் மேசைமேல் வைத்து யோசியுங்கள். முப்பது ஆண்டுகளாகப் பதிவுக்கூடத்தில் உட்கார்ந்து நான் கற்றதில் இதற்கு மேல் பெரியது எதுவும் இல்லை.

ஏனென்றால் இந்த வைத்தியத்தை நீங்கள் கேட்டிருந்தால் உங்கள் பாட்டின் உயிரே போயிருக்கும். கோஜி கோண்டோ 1985இல் அந்த விளையாட்டுக்கு இசையமைத்தபோது தண்ணீர்க் காட்சிக்கு மட்டும் வால்ட்ஸ் நடையைக் கொடுத்தார். நம் கணக்கில் அது திஸ்ரம். ரவான் அடித்துப் பாடி ஆடும் நம் சேகாவும் மூன்று மூன்றாகப் போகும் நடைதான். ஜப்பானில் ஒரு விளையாட்டுக்காக எழுதிய மெட்டும், இந்தத் தீவில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களிடம் பிறந்து, 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய தாளமும் ஒரே நடையில் நடக்கின்றன என்பதை உங்கள் காது கண்டுபிடித்திருக்கிறது. அந்தக் கண்டுபிடிப்புதான் பாட்டு. நாலுக்கு நாலு டிரம்ஸை அங்கே கொண்டுவந்தால் மிஞ்சுவது என்ன?

ரவான் இருக்கட்டும். அதன் அளவை 3 டெசிபல் இறக்கிப் பாருங்கள். போதாவிட்டால் குழல் கீழே வாசிக்கும் இடங்களில் ரவானின் கனமான அடியை விட்டுவிட்டு விளிம்புத் தட்டை மட்டும் வையுங்கள். இன்னொரு வழி, 48இலிருந்து 80ஆவது வினாடி வரை குழலை ஒரு ஸ்தாயி உயர்த்துவது. எது பொருந்தும் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் சொல்வதும் வைத்தியம்தான்.

மூல மெட்டையும் ஒருமுறை இந்தக் காதோடு கேளுங்கள். அந்தக் காலத்து நிண்டெண்டோ பெட்டியில் மொத்தம் ஐந்து சேனல்: சதுர அலை வகையில் இரண்டு, முக்கோண அலை ஒன்று, இரைச்சல் ஒன்று, பதிவு செய்த ஒலித்துணுக்குக்கு ஒன்று. முக்கோண அலைச் சேனலில் ஒலியைக் கூட்டிக் குறைக்கவே வழி கிடையாது. போதாக்குறைக்கு, விளையாடுபவர் நாணயத்தைத் தொட்டால் அந்த ஓசை மெட்டிடமிருந்து ஒரு சேனலைப் பிடுங்கிக்கொள்ளும். இவ்வளவு நெருக்கடியில் ஒன்றை ஒன்று மிதிக்காமல் எழுத வேண்டியிருந்தது. உங்கள் கணினியில் அறுபது டிராக் போடலாம். அதனால்தான் யார் எப்போது வாயை மூடிக்கொள்வது என்ற முடிவு உங்கள் தலையில் விழுகிறது.

பெரியப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டாம். அவர் உங்கள் பாட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஒரு சிறுவன் ஒரே கட்டத்தில் நூறு முறை தோற்றாலும் அலுக்காத மெட்டை எழுதுவது எவ்வளவு கடினம் என்று தெரிந்தவர்கள் இதை விளையாட்டுப் பாட்டு என்று தள்ளமாட்டார்கள். அடுத்த விசேஷத்தில் குழலை எடுத்து அவர் கேட்டதை வாசித்துக் காட்டுங்கள், மனம் குளிர்ந்துவிடும்.

என் கதை ஒன்று. இருபத்தைந்து வயதில் தைப்பூசத்துக்காகக் காவடிப் பாட்டு கேசட் ஒன்றைப் பதிவு செய்தேன். தவிலும் உறுமியும் அதிர வேண்டும் என்று எனக்கு வெறி. கேட்டவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். கோயில் சமையல்கட்டில் ஏழு கறிக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டி மட்டும், அரிவாள்மணையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: “மேளம் வந்த பிறகு முருகன் பேரே காதில் விழவில்லையே, வேண்டுமென்றுதான் அப்படிச் செய்தாயா தம்பி?” எனக்குச் சுருக்கென்று பட்டது. இதற்குள் ஐநூறு கேசட் போட்டாகிவிட்டது. அந்தப் பாட்டிக்கு மிக்ஸிங் தெரியாது, ஹெர்ட்ஸ் தெரியாது. எந்த இடத்தில் எது தொலைந்தது என்று சொன்னார். நான் தெரிந்துதான் செய்தேனா என்றும் கேட்டார். அதைவிட நல்ல விமர்சனம் இன்றுவரை எனக்குக் கிடைத்ததில்லை. கேசட் போடுவதற்கு முன்பே அவரிடம் போகாதது என் தவறு.

நம் வீடுகளில் குழம்பு அடுப்பில் இருக்கும்போதே கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் ஊற்றி, ‘உப்புப் பார்த்துச் சொல்’ என்பார்கள். குழம்பு எப்படி என்று அப்போது யாரும் கேட்பதில்லை. கேட்பது உப்பைப் பற்றி, அதுவும் இறக்குவதற்கு முன்பு. சமைப்பவருக்கு எதில் சந்தேகம் என்பது அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. நீங்கள் முழுப் பாட்டையும் இருபது பேருக்கு அனுப்பி ‘எப்படி இருக்கிறது?’ என்றால் பாசம் உள்ளவர்கள் ஸோலி என்றுதான் சொல்வார்கள். வேறு என்ன சொல்ல முடியும்? பாதி முடிந்த நிலையில் மூன்று பேருக்கு மட்டும் அனுப்புங்கள். ‘ரவான் வந்த பிறகும் மெட்டைப் பின்தொடர முடிகிறதா?’ என்று கேளுங்கள். ‘எந்த வினாடியில் கவனம் கலைந்தது?’ என்றும் கேட்கலாம். இசையே தெரியாத ஒருவர் அந்த மூவரில் இருந்தே ஆக வேண்டும்.

‘மோசமாகத்தான் இருக்கும், மன்னிக்கவும்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். அவையடக்கம் நம் புலவர்களுக்கும் உண்டு. ஆனால் அடங்கிப் பேசிய கையோடு அவர்கள் முழு நூலையும் தலைநிமிர்ந்து பாடினார்கள். நீங்கள் எழுதிய வரி, கேட்பவரை உங்களுக்கு ஆறுதல் சொல்லும் வேலையில் இறக்கிவிடுகிறது. ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பவரால் காது கொடுத்துக் கேட்க முடியாது.

கருத்து வந்ததும் அன்றே பதில் எழுத வேண்டாம். ஏன் அப்படிச் செய்தேன் என்று விளக்க நாக்குத் துடிக்கும். அந்த விளக்கம் பாட்டோடு சேர்ந்து போகப்போவதில்லை. நன்றி மட்டும் சொல்லிவிட்டு, அவர்கள் சொன்ன வார்த்தைகளை வினாடிக் கணக்கோடு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர் ஒரே இடத்தில் இடறினால் அங்கே பள்ளம் இருக்கிறது. திருத்திய பிறகு பழையதையும் புதியதையும் ஒப்பிடும்போது இரண்டின் ஒலி அளவையும் சமமாக வைத்துக் கேளுங்கள். கொஞ்சம் உரக்க இருப்பது எப்போதும் நல்லதுபோலத் தோன்றும். நானே எத்தனையோ முறை ஏமாந்திருக்கிறேன்.

இனி உங்கள் தங்கை. ‘உண்மையைச் சொல்’ என்று கேட்டவளிடம் பொய் சொல்லாதீர்கள். அவள் உங்களை நம்பிக் கேட்கிறாள். அதற்காக உண்மை முழுவதையும் ஒரே நாளில் கொட்டவும் வேண்டாம். 15 வயதில் முதல் பாட்டை முடித்திருக்கிறாள். உங்கள் வயதிலும் பாதியில் விட்டவை எத்தனை இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் அவள் என்ன செய்ய நினைத்தாள் என்று கேளுங்கள். இயந்திரம்போல ஒலிக்க வேண்டும் என்பதே அவள் ஆசையாக இருந்தால் நீங்கள் குறை என்று நினைப்பது குறையே அல்ல. அப்படி இல்லையென்றால், பாட்டில் உங்களைப் பிடித்து நிறுத்திய ஓர் இடத்தை வினாடியோடு சொல்லுங்கள். இதைக் கடமைக்குச் செய்யாதீர்கள். இடம் கிடைக்கும்வரை திரும்பத் திரும்பக் கேளுங்கள். முதல் முயற்சியிலும் ஓர் இடமாவது இருக்கும். குறையைக் கண்டுபிடிக்கச் சோம்பேறிக்கும் முடியும். எது உயிரோடு இருக்கிறது என்று காட்ட உழைக்க வேண்டும். அந்த இடத்தை அவள் தெரியாமல் செய்திருப்பாள். நீங்கள் காட்டினால் அடுத்த முறை தெரிந்தே செய்வாள்.

பிறகு ஒரே ஒரு குறை. இந்த வாரமே அவளால் திருத்த முடிந்ததாக இருக்கட்டும். ‘உயிர் இல்லை’ என்று சொல்லாதீர்கள். அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? மென்பொருளில் ஒவ்வொரு சுரத்தின் பலத்துக்கும் 1 முதல் 127 வரை எண் இருக்கிறது. எல்லாம் 100இல் நிற்கிறதா என்று அவளையே பார்க்கச் சொல்லுங்கள். 1989இல் கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் வந்த டெட்ரிஸின் அந்தப் புகழ்பெற்ற மெட்டு, ஊர் ஊராகச் சென்று சரக்கு விற்பவர்களைப் பற்றிய 19ஆம் நூற்றாண்டு ரஷ்யப் பாடல் என்பது அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம். மனிதர்கள் அதைப் பாடிய பதிவு ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள். எங்கே மூச்சு விடுகிறார்கள், எந்த அசையை அழுத்துகிறார்கள் என்று குறித்துக்கொண்டு, முதல் எட்டு அடிக்கு மட்டும் எண்களை மாற்றிப் பார்க்கட்டும். எட்டு அடி போதும். மீதியைக் கேட்காமலே மாற்றுவாள். அவளுடைய கோப்பை வாங்கி நீங்களே சரிசெய்து அனுப்பாதீர்கள். பாராட்டைக் குடும்பக் குழுவில் எல்லோர் முன்பும் சொல்லுங்கள். குறையை அவளிடம் மட்டும். கிரியோலில் சொல்வதுதான் உங்கள் இருவருக்கும் இயல்பு என்றால் கிரியோலிலேயே சொல்லுங்கள்.

உங்கள் பாட்டில் நான் நிறுத்தி நிறுத்திக் கேட்ட இடம் 2 நிமிடம் 10 வினாடி. ரவான் முழுவதும் நின்று, குழல் மட்டும் மூன்று சுரத்தை ஒரு கமகத்தில் இழுத்துவிட்டுக் கீழே வழுக்குகிறதே, அங்கே தண்ணீர் என் காதுவரை வந்தது. அதற்குப் பிறகு ரவான் திரும்பும்போது சுருதி இறங்கியிருக்கிறது. பதிவுக்கு முன்பு நெருப்பில் காய்ச்சியிருப்பீர்கள். நடுவில் தோல் ஆறித் தளர்ந்துவிட்டது. ஆட்டுத்தோல் அப்படித்தான், அதுவும் உங்கள் ஊர் ஈரக்காற்றில். கடைசி ஒரு நிமிடத்தை மட்டும் மறுபடி காய்ச்சி வாசித்து அனுப்புங்கள். இந்த முறை ஹெட்ஃபோனில் முதலில் கேட்கிறேன்.