வாசகர் கேள்விகள்: தோழி சாப்பிடக் கூப்பிடுகிறாள், போகலாமா?

கேள்வி: என் கல்லூரித் தோழி 22 வருடம் கழித்து அடுத்த மாதம் சென்னை வருகிறாள். ஒரு நட்சத்திர ஹோட்டலில் 'ப்ரீ ஃபீக்ஸ் லஞ்ச்' சாப்பிடலாம் என்று வாட்ஸ்அப்பில் மெனு கார்டையும் அனுப்பிவிட்டாள். மூன்று கோர்ஸ், 1,500 ரூபாய், பக்கத்தில் இரண்டு பிளஸ் குறி. நான் சைவம். முள்கரண்டி பிடித்துப் பழக்கமில்லை. என் பங்கை நான்தான் கொடுப்பேன், ஆனால் எவ்வளவு எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றே தெரியவில்லை. ஏதாவது சாக்குச் சொல்லித் தவிர்த்துவிடலாமா? (வாசகி, ஸ்ரீரங்கம்)

பதில்: தவிர்க்காதீர்கள், கட்டாயம் போங்கள். 22 வருடம் கழித்து வருகிறவளை ஒரு முள்கரண்டிக்குப் பயந்து பார்க்காமல் விடுவதா?

ப்ரீ ஃபீக்ஸ் என்பது பிரெஞ்சுச் சொல், 'நிர்ணயித்த விலை' என்று அர்த்தம். நம் ஊர் மெஸ் வாசலில் முழுச் சாப்பாடு இவ்வளவு என்று பலகையில் எழுதி வைக்கிறார்களே, கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான், உட்காருவதற்கு முன்பே விலை தெரிந்துவிடும். மெஸ்ஸில் எல்லாமும் இலைக்கு வரும், கேட்கக் கேட்க வரும். இங்கே முதலில் சூப் அல்லது சாலட், அப்புறம் முக்கியமான உணவு, கடைசியில் இனிப்பு என்று ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மூன்று வகை இருக்கும், ஆளுக்கு ஒன்று தேர்ந்தெடுக்க வேண்டும், மறுசோறு கிடையாது. இனிப்பு வேண்டாம் என்றாலும் பொதுவாக விலை குறையாது. சில உணவுகளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கூடுதல் தொகை போட்டிருப்பார்கள், இறால் மாதிரி விலை கூடியவற்றுக்கு அப்படி இருக்கும், சைவத்தில் அவ்வளவாக வராது.

இப்போது அந்த இரண்டு பிளஸ். வரியும் சர்வீஸ் சார்ஜும் தனி என்பதைத்தான் அப்படிப் போடுகிறார்கள். அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாயைத் தாண்டுகிற பெரிய ஹோட்டல்களுக்கு உள்ளே இருக்கும் உணவகங்களில் ஜிஎஸ்டி 18 சதவீதம். நாம் வழக்கமாகப் போகிற தெருவோர உணவகத்தில் 5 சதவீதம்தான், அதனால்தான் பில்லைப் பார்த்ததும் திக்கென்று இருக்கிறது. 1,500க்கு வரி மட்டும் 270, ஆக 1,770. அவர்கள் 10 சதவீத சர்வீஸ் சார்ஜும் போட்டால் அந்த 150க்கும் சேர்த்து வரி வரும், மொத்தம் 1,947. இரண்டாயிரம் எடுத்துக்கொண்டு போனால் உங்கள் பங்கு முடிந்தது, தண்ணீரைத் தவிர. உட்கார்ந்ததும் பாட்டிலைத் திறக்க வருவார்கள், சாதாரணத் தண்ணீர் போதும் என்று அப்போதே சொல்லிவிடுங்கள். ஹோட்டலில் பாட்டில் தண்ணீரை அச்சிட்ட விலைக்கு மேல் விற்கலாம் என்று 2017ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, அதனால் திறந்த பிறகு விலையைப் பற்றி வாதாடிப் பயனில்லை.

சைவம் என்பதை மேஜை பதிவு செய்யும்போதே தோழியைச் சொல்லச் சொல்லுங்கள். முட்டை சாப்பிட மாட்டீர்கள் என்றால் அதையும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இனிப்புகளில்தான் முட்டை அதிகம், சீஸ் கேக்கில்கூட இருக்கும். விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கிற ஜெலட்டின் போட்டதா என்றும் கேளுங்கள். கேட்டால் சமையலறைக்குள் போய் விசாரித்து வந்து சொல்வார்கள், அது அவர்களுக்குத் தினப்படி வேலை, நீங்கள் கூசவே வேண்டாம்.

முள்கரண்டி விஷயம் இவ்வளவுதான்: தட்டுக்கு வெளிப்பக்கம் இருப்பதை முதலில் எடுங்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றாக உள்ளே வாருங்கள். ரொட்டியைக் கையால் பிய்த்துத்தான் சாப்பிட வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் கரண்டியையும் கத்தியையும் தட்டில் சேர்த்து வைத்தால் எடுத்துக்கொண்டு போவார்கள், பிரித்து வைத்தால் இன்னும் சாப்பிடுகிறீர்கள் என்று விட்டுவிடுவார்கள். முள்கரண்டியால் எடுக்க வராத உணவை ஸ்பூனால் சாப்பிடுங்கள், யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

உங்கள் தோழி பஃபேக்குக் கூப்பிடாமல் இதற்குக் கூப்பிட்டதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். பஃபேயில் நீங்கள் தட்டோடு வரும்போது அவள் எழுந்து போவாள், பேச்சு எங்கே விட்டது என்றே தெரியாது. இங்கே இரண்டு பேரும் எழுந்திருக்கவே வேண்டாம். போன வருடம் நானும் என் பள்ளித் தோழியும் இப்படி ஒரு ஹோட்டலில் உட்கார்ந்தோம், அவள் அம்மா தவறி நான்கு மாதம் ஆகியிருந்தது. இனிப்பை இப்போது கொண்டுவர வேண்டாம், நாங்களே சொல்கிறோம் என்றேன். பரிமாறிய பையன் அரைமணி நேரம் அந்தப் பக்கமே வரவில்லை, தூரத்திலிருந்து தண்ணீர் தம்ளரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அழுது முடித்த பிறகுதான் பாயசம் வந்தது. நீங்களும் முதலிலேயே சொல்லுங்கள், மெதுவாகக் கொண்டு வாங்க தம்பி, நாங்கள் பேச வந்திருக்கிறோம் என்று. கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு என்று கேட்டு, ஒரு மணிக்கு முன்பே போய் உட்கார்ந்துவிடுங்கள்.

கேள்வி: பில்லில் தானாகவே சர்வீஸ் சார்ஜ் போடுகிறார்களே, கொடுத்துத்தான் ஆக வேண்டுமா? (வாசகர், கோவை)

பதில்: வேண்டியதில்லை. தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28ஆம் தேதி அதைச் சரி என்றது. எடுத்துவிடுங்கள் என்று கேளுங்கள், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைக்கலாம். நான் மேலே சொன்ன அதே சாப்பாட்டிலும் போட்டிருந்தார்கள், மேனேஜர் கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் எடுத்தார். அந்தப் பணத்தை அந்தப் பையன் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். ஹோட்டல் கணக்கில் போகிறதில் அவனுக்கு எவ்வளவு வந்து சேரும் என்று நமக்கு எப்படித் தெரியும்?

கேள்வி: பாரிஸில் இருக்கும் நண்பரைப் பார்க்கப் போகிறேன். அங்கே மதியச் சாப்பாடு வெளியில் சாப்பிட்டால் கட்டுப்படியாகுமா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: மதியம் சாப்பிடுங்கள், இரவைவிடக் குறைவாக முடியும். 'ஃபார்முயுல்' என்று பலகையில் எழுதியிருந்தால், முதல் சுற்றும் முக்கிய உணவும், அல்லது முக்கிய உணவும் இனிப்பும் என இரண்டு மட்டும் ஒரே விலைக்கு என்று அர்த்தம், அதுவே வயிறு நிறையும். 'ஆன்த்ரே' என்று போட்டிருப்பது முதல் சுற்று, அமெரிக்காவில் அதே சொல் முக்கிய உணவைக் குறிக்கும், குழம்பிவிடாதீர்கள். வரியும் சர்வீஸும் போட்டிருக்கும் விலையிலேயே அடக்கம், மேலே ஒரு பைசா கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 'யுன் கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீரை ஜாடியில் இலவசமாக வைப்பார்கள். இரண்டு மணிக்கு மேல் போனால் பல கடைகளில் அடுப்பை அணைத்துவிடுவார்கள்.

கேள்வி: நாங்கள் எப்போது சாப்பிடப் போனாலும் நண்பரே பில்லைப் பிடுங்கிக்கொள்கிறார். வருத்தமாக இருக்கிறது. (பெயர் வேண்டாம், தாம்பரம்)

பதில்: அடுத்த தடவை நிர்ணயித்த விலைச் சாப்பாட்டுக்கு நீங்கள் கூப்பிடுங்கள். தொகை முன்பே தெரியும் என்பதால், பத்து நிமிடம் முன்னாலேயே போய் இரண்டு பேருக்கும் பணம் கட்டிவிடலாம். பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். பிடுங்குவதற்குப் பில்லே வராது.