தந்தியை மாற்றினீர்களா, நெக்கையும் பாருங்கள்

பேஸ் கிடார் பற்றி உங்கள் சந்தேகங்களை எழுதுங்கள் என்று கேட்டிருந்தோம். வந்தவற்றைப் படித்ததில் ஒன்று கண்ணில் பட்டது. எந்த ஸ்ட்ரிங் வாங்கலாம் என்று கேட்பவர்கள் செட்டப், அதாவது தந்திக்கு ஏற்பக் கிடாரைச் சரிசெய்வது பற்றிக் கேட்பதில்லை, வாசிக்கக் கஷ்டமாக இருக்கிறது என்று எழுதுபவர்கள் என்ன ஸ்ட்ரிங் போட்டிருக்கிறார்கள் என்று சொல்வதில்லை. என்னைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே கேள்விதான். சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: என் நான்கு தந்தி எலெக்ட்ரிக் பேஸில் 40-100 செட் இருந்தது. ஒலி கனமாக வரட்டும் என்று 50-110 செட் போட்டேன். நடு ஃப்ரெட்டுகளில் (நெக் என்ற கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகள்) தந்தி உயர்ந்துவிட்டது, அழுத்தினால் விரல் வலிக்கிறது. பிரிட்ஜில் (உடலில் தந்திகள் கட்டும் இடம்) தந்தியைத் தாங்கும் சேடிலை இறக்கிப் பார்த்தேன், இப்போது உடல் பக்கமுள்ள மேல் ஃப்ரெட்டுகளில் ‘ட்ர்ர்’ என்று அதிர்கிறது. ஸ்ட்ரிங் கோளாறா, கிடார் கோளாறா?

பதில்: இரண்டிலும் கோளாறு இல்லை. அந்த எண்கள் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு, அதாவது 100 என்றால் 0.100 அங்குலத் தடிமன். சாதாரண நான்கு தந்தி செட் ஒன்று சுருதி ஏற்றியபின் எழுபது, எண்பது கிலோ எடைக்குச் சமமாக நெக்கை இழுத்துக்கொண்டே இருக்கும். தடித்த செட் இன்னும் அதிகமாக இழுக்கும். அந்த இழுப்புக்கு நெக் வில் மாதிரி கொஞ்சம் வளைந்துவிட்டது, அதனால்தான் நடுவில் தந்தி உயரமாகத் தெரிகிறது. நீங்கள் வளைவைச் சரிசெய்யாமல் சேடிலை இறக்கியதால் தந்தி மேல் ஃப்ரெட்டுகளில் போய் உரசுகிறது. நடுவில் உயரம், மேலே உரசல் என்று இரண்டும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் நெக் வளைவின் மேல்தான் வர வேண்டும்.

சேடிலைப் பழைய உயரத்துக்கே ஏற்றிவிடுங்கள். சுருதி சரியாகச் சேருங்கள், நீங்கள் வழக்கமாக வாசிக்கும் சுருதியில், ஏனென்றால் அரைச் சுருதி இறக்கி வாசிப்பவருக்கு நெக் வேறு மாதிரி நிற்கும். இப்போது கிடாரை வாசிக்கும் நிலையிலேயே மடியில் வைத்து, முதல் ஃப்ரெட்டில் தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ ஒன்று மாட்டி, மிகத் தடித்த ஈ தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்துங்கள். இரண்டு முனையிலும் பிடிபட்ட தந்தி இழுத்துக் கட்டிய நூல் மாதிரி நேராக நிற்கும், அதுதான் உங்கள் அளவுகோல். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் அருகே தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 0.3 மி.மீ. அளவில் இருந்தால் நல்லது, ஒரு நல்ல விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு. கண்ணால் தெரியவில்லை என்றால் அந்த இடத்தில் விரலால் தந்தியைத் தட்டுங்கள். ‘டிக்’ என்று மெல்லிய சத்தம் கேட்டால் இடைவெளி இருக்கிறது, சத்தமே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் நெக் நேராகவோ பின்பக்கமாக வளைந்தோ இருக்கிறது. உங்கள் விஷயத்தில் இடைவெளி ஒரு மில்லிமீட்டரை நெருங்கினாலும் ஆச்சரியமில்லை.

அடுத்தது ட்ரஸ் ராட், நெக்கின் உள்ளே ஓடும், வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி. ஆலன் கீ (அறுகோணத் திருகுசாவி) மாட்டுகிற பக்கத்திலிருந்து பார்த்து, வலப்பக்கம் திருப்பினால் நெக் நேராகும், இடப்பக்கம் திருப்பினால் வளைவு கூடும். கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் போகாதீர்கள். திருப்பியபின் மறுபடி சுருதி சேருங்கள், மறுபடி அளந்து பாருங்கள். மரம் உடனே முழுவதும் அடங்காது, ஒரு இரவு விட்டுக் காலையில் பார்த்தால் இன்னும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். சரியான அளவு கீ மட்டும்தான் போட வேண்டும், தொளதொள என்று ஆடும் கீயால் திருப்பி உள்ளே மூலை மழுங்கிவிட்டால் அதைச் சரிசெய்வது பெரிய வேலை. ராட் திரும்ப மறுத்தால் பலத்தைக் காட்டாமல் அங்கேயே நிறுத்திவிட்டு, கிடார் பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன், உடைந்த ட்ரஸ் ராடோடு ஒரு நல்ல பேஸ் சுவரில் தொங்குவதைப் பார்த்தவன் நான்.

நெக் சரியானபிறகு ஆக்‌ஷன். ஃப்ரெட்டுக்கு மேல் தந்தி நிற்கும் உயரம்தான் அது. 17வது ஃப்ரெட்டின் மேல் அளந்தால் ஈ தந்திக்கு 2.4 மி.மீ., மிக மெல்லிய ஜி தந்திக்கு 2 மி.மீ. என்பது தொடங்க நல்ல இடம். ஓங்கி வாசிக்கும் கை என்றால் கொஞ்சம் ஏற்றுங்கள், மென்மையான கை என்றால் இறக்கலாம். அப்புறம் நட்டையும் பாருங்கள், நெக்கின் தலைமுனையில் தந்திகள் உட்காரும் பள்ளமிட்ட துண்டு அது. 100 தடிமனுக்கு வெட்டிய பள்ளத்தில் 110 தந்தி அடிவரை இறங்காமல் மேலேயே உட்கார்ந்திருக்கும். மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள், ஒரு தாள் அளவுக்கு மேல் நன்றாகத் தெரிந்தால் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும். அதற்கென்று அளவான அரம் வேண்டும், அதிகமாக ராவிவிட்டால் நட்டையே மாற்ற வேண்டி வரும், எனவே அதையும் தெரிந்தவரிடமே விடுங்கள்.

கேள்வி: ரவுண்ட்வூண்டா, ஃப்ளாட்வூண்டா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: நடுவில் ஓர் இரும்புக் கம்பி, அதன்மேல் உருண்டைக் கம்பி சுற்றினால் ரவுண்ட்வூண்ட், பட்டையான நாடாக் கம்பி சுற்றினால் ஃப்ளாட்வூண்ட். நகத்தால் நீளவாக்கில் ஒருமுறை வருடினாலே தெரியும், ஒன்று ‘சர்ர்’ என்று கீறும், மற்றது கண்ணாடி மாதிரி வழுக்கும். அந்த வித்தியாசம் அப்படியே ஒலியிலும் வரும்.

லியோ ஃபெண்டர் 1951இல் பிரசிஷன் பேஸைக் கொண்டுவந்த காலத்தில் பேஸ் என்றாலே ஃப்ளாட்வூண்ட்தான். 1966இல் ‘தி ஹூ’ குழுவின் ஜான் என்ட்விசில் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய ரவுண்ட்வூண்ட் தந்திகள் வந்தபிறகு, பியானோவின் கீழ்க்கட்டைகள் போலக் கணீரென்று ஒலிக்கும் பேஸ் பிறந்தது. இன்னொரு பக்கம் மோட்டவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன். 1962 பிரசிஷன், தடித்த ஃப்ளாட்வூண்ட், அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். அந்தப் பழைய தந்திகளில்தான் அத்தனை பாட்டும் ஓடியது.

ஸ்லாப் (கட்டைவிரலால் தந்தியை அடிக்கும் முறை) வாசிப்பீர்கள், ராக் வாசிப்பீர்கள், பேஸ் தனியாக எடுத்துக்காட்ட வேண்டும் என்றால் ரவுண்ட்வூண்ட். பாடகருக்கும் தாள வாத்தியத்துக்கும் கீழே நிதானமாக நிற்க வேண்டும், விரல் உரசும் சத்தம் வரவே கூடாது என்றால் ஃப்ளாட்வூண்ட். ரவுண்ட்வூண்டிலேயே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மிகப் பளிச்சென்று ஒலிக்கும், ஆனால் ஃப்ரெட்டுகளைச் சீக்கிரம் தேய்க்கும். நிக்கல் பூசியது கொஞ்சம் சாந்தம். முதல் செட் வாங்குகிறவர் என்றால் யோசிக்காமல் நிக்கல் 45-105 வாங்குங்கள், எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை உங்கள் காது பிறகு சொல்லும். ஒன்றை மறக்காதீர்கள்: பல ஃப்ளாட்வூண்ட் செட்டுகள் அதே தடிமனிலேயே கூடுதல் இறுக்கம் உடையவை, எனவே மாற்றியதும் முதல் கேள்விக்குச் சொன்ன நெக் சோதனை கட்டாயம்.

ஃப்ரெட்லெஸ், அதாவது ஃப்ரெட் இல்லாத பேஸ் வைத்திருப்பவர்களுக்கு: ரவுண்ட்வூண்ட் வெறும் மரத்தை அராவும். ஃப்ரெட்லெஸ் பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் ரவுண்ட்வூண்ட்தான் போட்டார், ஆனால் விரல்பலகைக்கு எப்பாக்ஸி பிசின் பூசியிருந்தார். பூச்சு இல்லாத பலகைக்கு ஃப்ளாட்வூண்டோ நைலான் சுற்றியதோ போதும்.

கேள்வி: அக்கூஸ்டிக் பேஸ் வாங்கினேன். கூடவே ஒரு கிடார் வாசித்தாலே என் ஒலி காணாமல் போகிறது. தடித்த ஸ்ட்ரிங் போட்டால் சத்தம் கூடுமா?

பதில்: கொஞ்சம் கூடும், நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்குக் கூடாது. ஈ தந்தியின் அடிப்படைச் சுருதி வினாடிக்கு 41 அதிர்வுகள். அதைக் காற்றில் பலமாகத் தள்ள நிற்கவைத்து வாசிக்கும் டபுள் பேஸ் அளவுக்குப் பெரிய உடல் வேண்டும், கிடார் அளவு உடலால் முடியாது. 1970களின் தொடக்கத்தில் எர்னி பால் கொண்டுவந்த எர்த்வுட் அக்கூஸ்டிக் பேஸின் உடல் அவ்வளவு பெரிதாக இருந்ததும் இந்தக் காரணத்தால்தான். சத்தத்துக்காகத் தடிமனை ஏற்றிக்கொண்டே போனால் மேல்பலகை இழுபட்டு பிரிட்ஜுக்குப் பின்னால் உப்பத் தொடங்கும். அந்த ஆசையை விட்டுவிட்டு ஒரு சின்ன ஆம்ப் (ஒலிபெருக்கி) வைத்துக்கொள்ளுங்கள்.

தந்தியைப் பொறுத்தவரை, ஆம்ப் இல்லாமல் வாசிக்க ஃபாஸ்பர் பிரான்ஸ் நல்லது, தெளிவாகக் கேட்கும். உங்கள் பேஸில் சேடிலுக்கு அடியில் பீசோ பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் கருவி) இருந்தால் எந்த உலோகமும் வேலை செய்யும். காந்தப் பிக்கப் பொருத்தியிருந்தால் பிரான்ஸ் வேண்டாம், காந்தம் வெண்கலச் சுற்றை உணராது, உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியை மட்டும்தான் பிடிக்கும், ஒலி மெலிந்து வரும். எனக்கு அக்கூஸ்டிக் பேஸில் மிகப் பிடித்தது கறுப்பு நைலான் சுற்றிய தந்திதான். விரலுக்கு இதம், உரசல் சத்தம் இல்லை, டபுள் பேஸின் ‘தும்’ கொஞ்சம் வந்துவிடும். ஆனால் அவை பருமனானவை, நட் பள்ளத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இதில் ஆக்‌ஷன் இறக்க எலெக்ட்ரிக் போலத் திருகாணி கிடையாது, சேடிலின் அடிப்பகுதியைத் தேய்க்க வேண்டும். கணக்கு எளிது: 12வது ஃப்ரெட்டில் அரை மி.மீ. இறங்க வேண்டும் என்றால் சேடிலில் ஒரு மி.மீ. தேய்க்க வேண்டும். பீசோ இருந்தால் அடிப்பக்கம் துளியும் கோணலில்லாமல் தட்டையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு தந்தி ஓங்கியும் ஒரு தந்தி முனகியும் கேட்கும். தேய்ப்பதற்குமுன் ஈரப்பதத்தையும் யோசியுங்கள். 45 முதல் 55 சதவீதம் அக்கூஸ்டிக் மரத்துக்கு ஏற்றது. மிகவும் காய்ந்தால் பலகை அமிழ்ந்து தந்தி இறங்கும், ஈரம் ஏறினால் உப்பித் தந்தி உயரும். ஈரமான பருவத்தில் சேடிலைத் தேய்த்துவிட்டு, காய்ந்த பருவத்தில் எல்லா ஃப்ரெட்டும் அதிர்கிறதே என்று வருந்துபவர்கள் உண்டு.

கேள்வி: புது செட் போட்டேன். மற்ற மூன்றும் ஜம்மென்று ஒலிக்கின்றன, ஈ தந்தி மட்டும் முதல் நாளிலிருந்தே ‘தொப்’ என்று விழுகிறது. தந்தியே பழுதா?

பதில்: பழுதாகவும் இருக்கலாம், ஆனால் மாட்டியபோது நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம். எனக்கும் இது நடந்திருக்கிறது. நீளமாக இருக்கிறதே என்று ஈ தந்தியை முதலில் வெட்டிவிட்டு அப்புறம் மாட்டினேன், வெட்டிய முனையிலிருந்து மேல்சுற்று உள்கம்பியை விட்டுத் தளர்ந்து ஒரு நாளில் உயிர் போய்விட்டது. சரியான முறை இது: தந்தியை ட்யூனர் தண்டைத் (நெக்கின் தலையில் தந்தி சுற்றும் முளை) தாண்டி இழுத்துப் பிடித்து, சுமார் பத்துப் பன்னிரண்டு செ.மீ. மிச்சம் விட்டு, அந்த இடத்தில் முதலில் செங்கோணமாக மடக்குங்கள். மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடிப்புதான் சுற்று அவிழாமல் பூட்டும். முனையைத் தண்டின் நடுத்துளைக்குள் விட்டு, இரண்டு மூன்று சுற்று, ஒவ்வொன்றும் முந்தையதற்குக் கீழே வருமாறு. சுற்றும்போது தந்தி தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டியது சரியாகத்தான் இருக்கிறது என்றால் இதைச் செய்து பாருங்கள். தடித்த தந்தி சேடிலின் மேல் வளைவாக ஏறி இறங்கும், கூர்மையாக மடங்காது. சேடிலுக்கு முன்னால், நெக் பக்கமாக, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துங்கள். நட்டுக்கு முன்னாலும் அப்படியே. சுருதி இறங்கும், மறுபடி சேருங்கள். பல நேரம் செத்துக்கிடந்த தந்தி அங்கேயே எழுந்துவிடும்.

கேள்வி: நட்டிலிருந்து சேடில் வரை 30 அங்குலமே உள்ள ஷார்ட் ஸ்கேல் பேஸுக்குச் சாதாரண ஸ்ட்ரிங் போட்டு மிச்சத்தை வெட்டிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். 34 அங்குல பேஸுக்கான தந்தியின் தடித்த பகுதி உங்கள் நட்டைத் தாண்டி ட்யூனர் தண்டு வரை வந்துவிடும், அதைச் சுற்றினால் அங்கேயே உடையும் அல்லது சுருதி நிற்காது. ஷார்ட் ஸ்கேல் என்று போட்டதையே வாங்குங்கள். அதே தடிமன், அதே சுருதி என்றால் 30 அங்குலத்தில் இறுக்கம் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் குறையும், அதனால் ஒரு படி தடித்த செட் எடுத்தால் கைக்குத் திருப்தியாக இருக்கும்.

கேள்வி: திறந்த தந்திகள் சுருதி சுத்தம். 12வது ஃப்ரெட்டுக்கு மேல் போனால் எல்லாம் அபஸ்வரம்.

பதில்: முதலில் தந்தி எத்தனை நாள் பழையது? அழுக்கேறித் தேய்ந்த தந்தியில் இன்டொனேஷனை (ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் சுருதி சேர்வதை) சரிசெய்வது வீண் வேலை. புதிது போட்டு, நெக்கும் ஆக்‌ஷனும் முடித்தபிறகுதான் இதற்கு வர வேண்டும். 12வது ஃப்ரெட்டின் நேர்மேலே விரலால் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும், அங்கேயே அழுத்தி வாசிக்கும் ஸ்வரத்தையும் சுருதி காட்டும் ட்யூனர் கருவியில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறிக் காட்டினால் சேடிலைப் பின்னால் நகர்த்துங்கள், இறங்கிக் காட்டினால் நெக்கை நோக்கி நகர்த்துங்கள். வழக்கமாக வாசிக்கும் அழுத்தத்தில்தான் அழுத்த வேண்டும். அப்படியும் ஈ தந்தி சேரவில்லை என்றால் பிக்கப்பைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், மிக அருகில் இருக்கும் காந்தம் தந்தியைப் பிடித்து இழுத்துச் சுருதியைக் குழப்பும்.

கேள்வி: எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஸ்ட்ரிங் மாற்ற வேண்டும்?

பதில்: மாதக் கணக்கு வேண்டாம். ரவுண்ட்வூண்ட் என்றால் பளபளப்பு போய், ட்யூனரில் ஊசி நிற்காமல் அலையும்போது மாற்றுங்கள். ஃப்ளாட்வூண்ட் என்றால் சுருதி நிற்கும்வரை விடுங்கள், வருடக்கணக்கில் வரும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் தந்தியின் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்து வையுங்கள். அடுத்த செட்டும் இதே தடிமன், இதே வகை என்றால் நெக்கைப் பெரும்பாலும் தொடவே வேண்டியிருக்காது.