கொழும்புக்கு அனுப்புவதற்கு முதல்

களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதிய அக்காவுக்கு,

மகள் சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்தது சந்தோஷம். உயர்தரத்துக்கு உயிரியல் பிரிவில் சேரப்போகிறா, தமிழில் படித்தால் பிறகு கம்பஸில் தடுமாறுவாவோ, கொழும்பில் உறவினர் வீட்டில் விட்டு ஆங்கில மொழிமூலத்தில் படிப்பிக்கலாமோ என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், வேண்டாம்.

முதலில் பல்கலைக்கழக அனுமதிக் கணக்கைப் பாருங்கள். மருத்துவம், விஞ்ஞானம் போன்ற கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இதில் பிறந்த ஊரோ தகப்பனின் விலாசமோ பேசாது. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் பிள்ளை எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தது என்பதுதான் பேசும். கொழும்பில் படித்தால் கொழும்புப் பிள்ளைகளோடுதான் போட்டி. மருத்துவ அனுமதிக்குத் தேவையான ஆகக்குறைந்த புள்ளி, அதாவது வெட்டுப்புள்ளி, அங்கே எங்களுடையதைவிட நல்ல உயரம். செலவழித்து, பிள்ளையையும் பிரிந்திருந்து, கையில் இருக்கும் சலுகையை ஏன் விடுவான்?

மொழிக்கு வருவோம். உயர்தரத்தைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் எதிலும் எழுதலாம். ஆங்கிலத்தில் எழுதியவருக்கென்று, அனுமதிக்குக் கணக்கெடுக்கும் இசட் புள்ளியில் கூடுதலாக ஒன்றும் இல்லை. பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்தில்தான், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் அப்படித்தான். ஆனால் அங்கே வரும் சிங்களப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களும் தாய்மொழியில் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். முதல் வருடம் எல்லோருக்கும் சிரமம்தான்.

அதற்காக ஆங்கிலத்தை இப்போதே தள்ளிவைக்கவும் கூடாது. இசட் புள்ளிக்குச் சேராது என்று பலர் உயர்தரத்தின் பொது ஆங்கிலப் பாடத்தைத் தொடுவதே இல்லை. மகளை அதை ஒழுங்காக எழுதச் சொல்லுங்கள். உயிரியல் முதலாம் தாளின் 50 பல்தேர்வு வினாக்களைத் தமிழில் செய்து முடித்த பிறகு, அதே தாளின் ஆங்கிலப் பிரதியை எடுத்து ஒருமுறை வாசிக்கட்டும். விடை ஏற்கெனவே தெரியும் என்பதால் வாசிப்பு ஓடும். தனி ரியூஷன் தேவையில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும்: சிங்களம். எங்கள் வீடுகளில் ஆங்கிலத்துக்குப் பயப்படுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. அரச சுற்றறிக்கைப்படி, 2007 யூலை 1க்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் குறித்த காலத்துக்குள் மற்ற அரச கரும மொழியில், எங்களுக்கென்றால் சிங்களத்தில், தேர்ச்சி காட்ட வேண்டும். சுற்றறிக்கையை விடுங்கள். நாளைக்கு மகள் உள்ளகப் பயிற்சிக்கு அம்பாறை ஆஸ்பத்திரிக்குப் போனால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா "பட ரிதெனவா", வயிறு நோகுது, என்பா. எவ்வளவு நேரமாக, எந்தப் பக்கம், சாப்பிட்டதா என்று அவவிடம் கேட்கத் தெரிய வேண்டுமே! உயர்தர வகுப்பு தொடங்கும் வரை கிடைக்கும் இந்த இடைவெளிக்குப் பேச்சுச் சிங்கள வகுப்பைவிட நல்ல வேலை இல்லை.

மருத்துவம் கிடைக்காவிட்டால் என்ன என்ற பயமும் கடிதத்தில் தெரிகிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்திலேயே தாதியர் பட்டப்படிப்பு இருக்கிறது. அதை இப்போதே மகளின் காதில் போட்டு வையுங்கள், தோற்றவர்களுக்கான இடம் என்ற தொனியில் மட்டும் வேண்டாம்.

இந்தக் கிழமை செய்ய வேண்டியது, பாடசாலைக்குப் போய் இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறார்களா என்று நேரே கேட்பது. இல்லையென்றால் பாடசாலை மாற்றலாம், தப்பில்லை. மட்டக்களப்பு நகரில் விசாரியுங்கள், பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம்தானே.