நீட் எழுதி முடி, அப்புறம் பல் கிளினிக்ல போய் உட்காரு

கேள்வி: டாக்டர் அக்கா, எனக்கு பாம்பன் பக்கம். கவர்மெண்ட் ஸ்கூல்ல பிளஸ் டூ பயாலஜி குரூப் படிக்கிறேன். அப்பா விசைப்படகுல தொழிலுக்கு போறாங்க. எனக்கு பல் டாக்டர் ஆகணும்னு ஆசை. யூட்யூப்ல ஒரு அக்கா, டென்டல் ஸ்கூலுக்கு அப்ளை பண்றதுக்கு முன்னாடி 100 மணி நேரமாவது ஒரு டென்டிஸ்ட் கூட இருந்து ஷேடோயிங் பண்ணிருக்கணும்னு சொல்றாங்க. எனக்கு எந்த டாக்டரையும் தெரியாது. ஷேடோயிங் இல்லன்னா சீட் கிடைக்காதா? நீட் படிப்ப கொஞ்சம் நிறுத்திட்டு இப்பவே கிளினிக் கிளினிக்கா போய் கேக்கணுமா? வீட்ல வேற, எம்பிபிஎஸ் கிடைக்கலன்னா பல்லு படிப்பு எதுக்கு, நர்சிங் போயிருன்னு சொல்றாங்க.

பதில்: மொதல்ல பயத்த விடும்மா, புத்தகத்த மூடி வச்சிருந்தா திரும்ப எடு. நீ பாத்த வீடியோ பொய் இல்ல, ஆனா அது அமெரிக்காவுக்கு சொன்னது. அங்க பிளஸ் டூ முடிச்சதும் நேரா பல் டாக்டர் படிப்புக்கு போறதில்ல, பெரும்பாலும் ஒரு டிகிரி முடிச்சு, டாட்னு ஒரு பரீட்சை எழுதி, அதுக்கப்புறம்தான் நாலு வருஷ டென்டல் ஸ்கூலுக்கு விண்ணப்பம் போடுவாங்க, அந்த விண்ணப்பத்துல எந்த டாக்டர் கூட எத்தன மணி நேரம் இருந்து பாத்தேன்னு எழுதணும். சில காலேஜ் 100 மணி நேரம் இருந்தா நல்லதுன்னு சொல்லும், சில காலேஜ் கணக்கே கேக்காது. எல்லாம் அங்கத்த முறை.

நம்ம ஊர்ல பிடிஎஸ், அதாவது பல் டாக்டர் படிப்பு, அந்த சீட்டுக்கு ஒரே வாசல் நீட்தான். 180 கேள்வி, 720 மார்க், அதுல வர்ற ரேங்க் படி கவுன்சிலிங். யாரும் உன்ன இன்டர்வியூ எடுக்கப் போறதில்ல, நீ எந்த கிளினிக்ல நின்னன்னும் கேக்கப் போறதில்ல. அதனால ஷேடோயிங் சர்டிபிகேட் தர்றோம், இவ்வளவு பணம் கட்டுங்கன்னு யாராவது வந்தா ஒத்த ரூபா குடுக்காத, அந்த பேப்பர கவுன்சிலிங்ல வாங்கிக்கவே மாட்டாங்க. உனக்கு நெசமா உதவப் போறது வேற. ஆறாவதுலேர்ந்து பிளஸ் டூ வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்லயே படிச்சிருந்தா, 2020ல வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உனக்கு உண்டு, அது பிடிஎஸ்சுக்கும் சேத்துதான், அதுல சீட் கிடைச்சா ஃபீஸ கவர்மெண்டே கட்டுது. நீ எங்கெங்க படிச்சன்னு காட்டுற சர்டிபிகேட்ட ஸ்கூல்ல கேட்டு இப்பவே ரெடி பண்ணி வை, ஹெச்எம் லீவுல போனதுக்கு அப்புறம் அலையாத. சென்னை, சிதம்பரம்னு இருந்த கவர்மெண்ட் டென்டல் காலேஜ் 2023ல புதுக்கோட்டைக்கும் வந்துருச்சு, நம்ம பக்கத்து புள்ளைங்களுக்கு அது பெரிய விஷயம்.

அப்ப கிளினிக் பக்கமே போக வேண்டாமான்னு கேப்ப. போகணும்மா, கண்டிப்பா போகணும். ஆனா சீட்டுக்காக இல்ல, கவுன்சிலிங் நேரத்துல நீ எடுக்கப் போற முடிவுக்காக. வருஷா வருஷம் நடக்கறத பாக்குறேன், எம்பிபிஎஸ்க்கு ரேங்க் கொஞ்சம் பத்தாம போன புள்ளைங்க, ரிப்பீட் பண்றதா பிடிஎஸ் எடுக்கறதான்னு ரெண்டு மூணு நாள்ல முடிவு பண்றாங்க, அதுவும் வீட்ல பெரியப்பா ஒண்ணு சொல்ல டியூஷன் சார் ஒண்ணு சொல்ல. அந்த நாள் வரைக்கும் ஒரு பல் டாக்டர் காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் என்ன செய்றாங்கன்னு அந்தப் புள்ள ஒரு தடவ கூட பாத்திருக்காது. சேந்து மூணாவது வருஷம் மொத பேஷன்ட் முன்னாடி நிக்கும்போதுதான் இது நமக்கு ஒத்து வருமா வராதான்னே தெரியுது, அப்ப திரும்பி வர முடியாது. அஞ்சு வருஷப் படிப்பு, நாலு வருஷம் காலேஜ் ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப், அத ஒரு வாரம் கூட கண்ணால பாக்காம எடுக்கக் கூடாதுங்கிறதுதான் நான் சொல்றது.

எப்ப போறதுன்னு கேட்டா, நீட் முடிஞ்ச மறு வாரம். பரீட்சை பொதுவா மே மாசம் மொத ஞாயித்துக்கெழம வரும், அப்புறம் ரிசல்ட், கவுன்சிலிங் வரைக்கும் உன் கையில நாள் கெடக்கு. இன்னொரு காரணமும் இருக்கு. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம்ல, அப்பா வீட்ல இருப்பாங்க, கூட்டிட்டுப் போயி விட ஆள் இருக்கும். அது மட்டுமில்ல, கடலோரத்து ஆம்பளைங்க வருஷம் பூரா வலிய அடக்கி வச்சிருந்து அப்பதான் கிளினிக் பக்கம் வருவாங்க, நம்ம சனத்தோட வாய் எப்படி இருக்குன்னு பாக்க அத விட நல்ல சீசன் இல்ல.

யார்கிட்ட கேக்கறதுன்னு ரொம்ப யோசிக்காத. உங்க வீட்ல யாராவது பல்லு காட்டப் போன கிளினிக் ஒண்ணு ராமேஸ்வரத்துலயோ மண்டபத்துலயோ ராமநாதபுரத்துலயோ இருக்கும், அங்கேர்ந்து ஆரம்பி. அம்மாவ கூட்டிட்டு, கூட்டம் கம்மியா இருக்கற மத்தியான நேரத்துல போ, சாயங்காலம் போனா டாக்டரால நிமிந்து கூட பாக்க முடியாது. "டாக்டர், நான் நீட் எழுதிருக்கேன், பிடிஎஸ் எடுக்கலாமான்னு யோசிக்கிறேன், ஒரு வாரம் காலையில வந்து ஓரமா நின்னு பாத்துக்கட்டுமா, எதையும் தொட மாட்டேன்" இவ்வளவுதான் சொல்லணும். முடியாதுன்னு சொன்னா வருத்தப்படாத, சின்ன ரூம்ல டாக்டர், அசிஸ்டென்ட், பேஷன்ட், பேஷன்டோட பொண்டாட்டின்னு நிக்கவே எடம் இருக்காது, அடுத்த கிளினிக்ல கேளு. வீட்ல தயங்குனா பொம்பள டாக்டர் இருக்கற கிளினிக்கா பாத்துக்க. கவர்மெண்ட் ஆஸ்பத்திரி பல் ஓபிக்கு போகணும்னா கண்காணிப்பாளருக்கு ஒரு லெட்டர் எழுதி பெர்மிஷன் வாங்கணும், ஸ்கூல் ஹெச்எம் கையெழுத்தும் இருந்தா சுலபம். அங்க கெடைக்கற அனுபவமே தனி, ஒரு காலையில தனியார் கிளினிக்ல ஒரு வாரத்துக்கு வர்ற கேஸ் வந்துரும். ஊர்ல சர்ச்சோ ஜமாத்தோ பல் முகாம் வச்சா பேர் எழுதற வேலைக்காவது போயிரு.

உள்ள போனதும் உன் கண்ணு பல்லு மேலயும் மிஷின் மேலயும்தான் போகும், புதுசா வர்ற எல்லாருக்கும் அப்படித்தான். அத விட்டுட்டு டாக்டர் மிஷின கையில எடுக்கறதுக்கு முன்னாடி என்ன செய்றாங்கன்னு பாரு. ஒரு உதாரணம் சொல்றேன், இது எங்க கிளினிக்ல அடிக்கடி நடக்கறதுதான். தொழிலுக்குப் போற அண்ணன் ஒருத்தர் கன்னம் வீங்கி வருவாரு, "புடுங்கி விட்ருங்க டாக்டர், நாளைக்கு கடலுக்கு போணும்"னு. அந்தப் பல்லு வேர் சிகிச்சை பண்ணா காப்பாத்தக் கூடிய பல்லா இருக்கும், ஆனா ரெண்டு மூணு தடவ வரணும், அப்புறம் பல்லு மேல கேப், அதாவது உறை போடணும், அவருக்கு நாளும் இல்ல, கையில அவ்வளவு காசும் இல்ல. சரி புடுங்கலாம்னா சுகர் இருக்கா, பிபி இருக்கா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா, காலையில சாப்பிட்டீங்களான்னு கேட்டாகணும். ஊசி போட்டு உதடு தடிச்ச மாதிரி ஆயிருச்சான்னு கேட்டு காத்திருக்கணும். புடுங்குனதுக்கு அப்புறம் பஞ்ச அரை மணி, முக்கா மணி நேரம் கடிச்சுக்கிட்டே இருக்கணும், துப்பக் கூடாது, பீடி கூடாது, கொப்பளிக்கறதெல்லாம் மறுநாள்தான். இதெல்லாம் சொல்லிட்டு, மறுநாள் நடுக்கடல்ல அவர் வலை இழுத்தா திரும்ப ரத்தம் கசியலாம், அங்க யாரு இருக்கா பாக்க, அதனால ரெண்டு நாள் போக வேண்டாம்ணேன்னு சொன்னா, ஆள் கொறஞ்சா சம்மாட்டி, அதான் படகு மொதலாளி, திட்டுவாருன்னு அவர் சொல்வாரு. அந்த எடத்துல டாக்டர் என்ன முடிவு எடுக்கறாங்க, எப்படி பேசறாங்க, அதுதான்ம்மா இந்தத் தொழில். பல்ல புடுங்கறது அதுல சில நிமிஷம்தான்.

இன்னொண்ணும் கவனி. வர்றவங்கள வாய நல்லா தெறக்கச் சொல்லி, அவங்க விரலையே மூணு அடுக்கி பல்லுக்கு நடுவுல வச்சுப் பாக்கச் சொல்வோம். சாதாரணமா மூணு விரல் போகணும். பாக்கும் பொகையிலயும் பல வருஷமா அடக்குன சில பேருக்கு ரெண்டு விரல் கூட போகாது, கன்னத்து உள்பக்கம் வெளுத்து, தொட்டா கயிறு மாதிரி விறைச்சு இருக்கும். பாக்குனால வர்ற நோய் அது, அதுலேர்ந்து புத்துநோய்க்கும் போகலாம். ராத்திரி தூக்கம் வராம இருக்க படகுல வாயில போடுறாங்கல்ல, அவங்க சொத்தைப் பல்லுன்னு வந்து இது கண்ணுல படும். அத அவங்ககிட்ட பயமுறுத்தாமலும் மறைக்காமலும் சொல்றது எவ்வளவு கஷ்டம்னு நீ நேர்ல பாத்தாதான் தெரியும். நம்ம கடற்கரைக்கு நம்ம புள்ளைங்களே பல் டாக்டரா வரணும்னு நான் ஆசைப்படறதுக்கு இதுதான் காரணம், "பாக்கு போடறத விட்ருண்ணே"ன்னு அவங்க பாஷையில சொல்ற ஆள் சொன்னா கேப்பாங்க.

அசிஸ்டென்ட் அக்கா என்ன செய்றாங்கன்னும் பாரு, அத யாரும் பாக்கறதில்ல. ஒவ்வொரு பேஷன்டுக்கு அப்புறமும் கருவிய கழுவி, பவுச்சுல போட்டு ஒட்டி, கிருமிய கொல்ற ஆட்டோகிளேவ் மிஷின்ல வச்சு எடுக்கறாங்களா, பவுச்சு மேல இருக்கற அடையாளம் கலர் மாறிருக்கா, கிளவுஸ் மாத்துறாங்களா. இதெல்லாம் ஒழுங்கா நடக்கற கிளினிக்ல ஒரு வாரம் நில்லு. நடக்காத கிளினிக்கா இருந்தா ரெண்டாவது நாளே போகாத.

செய்யக் கூடாதது கொஞ்சம் இருக்கு, அத நான் கண்டிப்பா சொல்லணும். எந்தக் கருவியையும் தொடாத, பேஷன்ட் வாயில கை வைக்கவே வைக்காத, யாராவது பாசமா "சும்மா இத புடிச்சுப் பாரும்மா"ன்னு சொன்னாலும் வேண்டாம்னு சொல்லிரு, ஊசி கீசி குத்திட்டா அவஸ்தை உனக்குத்தான். எக்ஸ்ரே எடுக்கும்போது வெளிய போயிரு. ஃபோன பையில வை, எவ்வளவு நல்ல கேஸா இருந்தாலும் ஃபோட்டோ எடுக்காத. ஒவ்வொரு பேஷன்ட்கிட்டயும் "இந்தப் பொண்ணு படிக்க வந்திருக்கு, கூட நிக்கலாமா"ன்னு டாக்டர் கேக்கட்டும், அவங்க மொகம் சுளிச்சாலே வெளிய வந்துரு. அங்க பாத்தத ஊர்ல பேசாத, பாம்பன்ல யார் வாயில என்னன்னு சாயங்காலத்துக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சிரும், அப்புறம் அந்த மனுஷன் ஆஸ்பத்திரிக்கே வர மாட்டாரு. ஒரு வாரம்னு போயிட்டு ரெண்டு மாசம் கூட்டிப் பெருக்கி ரிசப்ஷன்ல ஃபோன் எடுக்கற வேலைக்கு மாட்டிக்காத, அது சம்பளம் குடுத்து ஆள் வச்சு செய்ய வேண்டிய வேலை.

கடைசி நாள் டாக்டர் கொஞ்சம் ஓய்வா இருக்கும்போது கேக்க வேண்டிய கேள்விய கேட்ரு. படிச்சு முடிச்சதும் மொத சம்பளம் எவ்வளவு, சொந்த கிளினிக் போட கடன் எவ்வளவு வாங்குனாங்க, கழுத்து இடுப்பு வலி இருக்கா, பிடிஎஸ்சுக்கு மேல எம்டிஎஸ் படிச்சாங்களா இல்லியா, ஏன். பல் டாக்டரானா உடனே காசு கொட்டும்னு நெனச்சு வர்றவங்க ரொம்ப நொந்து போறாங்க, கால் ஊன பல வருஷம் ஆகும், இத நான் உனக்கு மறைக்க விரும்பல. உனக்கு கை வேலை புடிக்குமான்னும் யோசி, மொத வருஷமே மெழுகுக் கட்டிய செதுக்கி பல்லு மாதிரி செய்யச் சொல்வாங்க, கிழிஞ்ச வலைய உட்கார்ந்து பொறுமையா கட்டுற மாதிரி வேலை அது, அரை மில்லிமீட்டர் தப்புனா திரும்ப செய்யணும். அதுல உனக்கு சலிப்பு வராம சந்தோஷம் வந்தா நல்ல அறிகுறி.

வீட்ல நர்சிங் சொல்றத தப்பா எடுத்துக்காத, அது கொறைஞ்ச படிப்பு இல்ல, சீக்கிரம் வேலை கிடைக்கணும்னு அவங்க கவலப்படறாங்க. நீ ஒரு வாரம் பாத்துட்டு வந்து, பாத்தது என்ன, புடிச்சது என்ன, பயந்தது என்னன்னு அப்பாகிட்ட உட்கார்ந்து சொல்லு, யூட்யூப்ல பாத்தேன்னு சொல்றதுக்கும் இதுக்கும் அவங்க காது குடுக்கறதுல வித்தியாசம் இருக்கும். கிளினிக் போறதுக்கு முன்னாடி ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கான்னு அம்மாகிட்ட கேட்டுப் பாரு, சின்ன வயசு தடுப்பூசி அட்டைய தேடி எடு, இல்லன்னா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல விசாரி. காலேஜ் சேந்தா எப்படியும் தேவைப்படும், மூணு டோஸ் முடிய ஆறு மாசம் ஆகும், அதனால இப்பவே கேட்டு வச்சிரு.