வாசகர் கேள்வி – பதில்: சுழியோடிக்கு வரும் மூட்டுவலி

கேள்வி: என் தம்பி கடலட்டை பிடிப்பதற்காகச் சிலிண்டருடன் சுழியோடுகின்றான். முறையான பயிற்சி பெற்றதில்லை. சில நாள்களில் கரைக்கு வந்தபின் தோளும் முழங்காலும் கடுமையாக வலிக்கின்றன. இன்னொரு சிலிண்டருடன் கீழே போய்வந்தால் வலி போய்விடும் என்று உடன் தொழில் செய்வோர் கூறுகின்றனர். இது சரியா?
– வாசகி, முல்லைத்தீவு

பதில்: சரியன்று, அது உயிருக்கே ஆபத்தானது. இதை வேலைக் களைப்பு என்று எண்ணிவிட வேண்டாம். கடலில் ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகின்றது. ஆகவே 20 மீற்றரில், அதாவது ஏறத்தாழ 11 பாகத்தில், உங்கள் தம்பி மூன்று மடங்கு அமுக்கமுள்ள காற்றைச் சுவாசிக்கின்றார். அதிலுள்ள நைதரசன் குருதியிலும் கொழுப்பிலும் மூட்டுகளைச் சூழ்ந்த இழையங்களிலும் கரைந்து சேர்கின்றது. மெதுவாக மேலெழுந்தால் அது நுரையீரல் வழியே வெளியேறும். விரைந்து எழுந்தாலோ, இடைவேளையின்றிச் சிலிண்டர் மாற்றி மாற்றி இறங்கினாலோ, சோடாப் போத்தலைத் திறந்ததும் எழுவது போன்ற குமிழிகள் உடலுக்குள் தோன்றும். அவை மூட்டில் தோன்றினால் வலி; முள்ளந்தண்டு வடத்தில் தோன்றினால் கால்கள் செயலிழக்கலாம். மீண்டும் இறங்கும்போது குமிழிகள் சுருங்கி வலி சற்று அடங்குவது உண்மை. பலர் ஏமாறுவதும் அதனாலேயே. அங்கே மேலும் நைதரசன் ஏறுகின்றது. நீருக்குள் மயங்கினால் காப்பாற்றுவதும் அரிது.

வலியோ விறைப்போ தலைச்சுற்றோ தோன்றினால், அவரைப் படுக்கவைத்து, கிடைத்தால் தூய ஒட்சிசன் கொடுத்து, 1990 அம்புலன்சை அழையுங்கள். எத்தனை பாகம், எவ்வளவு நேரம், எத்தனை தடவை இறங்கினார் என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள்; இதற்குரிய சிகிச்சை அமுக்க அறையில், அதாவது காற்றமுக்கத்தை உயர்த்தக்கூடிய மூடிய அறையில், அளிக்கப்படுவது. நோவு மாத்திரை வலியை மறைக்குமேயன்றிக் குமிழியைக் கரைக்காது.

பல ஆண்டு அனுபவம் உள்ளவருக்குப் பயிற்சி எதற்கு என்று கேட்பார்கள். கடலின் நீரோட்டத்தையும் அடித்தரையையும் அனுபவம் கற்பிக்கும். உடலில் சேரும் நைதரசனை எந்த அனுபவத்தாலும் உணர முடியாது, அதைக் கணக்கிட்டே அறிய வேண்டும். ஆழத்துக்கும் நேரத்துக்குமான அட்டவணையை, அல்லது மணிக்கூடு போல் கட்டும் சுழியோடிக் கணினியை, பின்பற்றப் பழகுவதே பயிற்சியின் முதற்பயன். நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாமல் எழுந்து, 5 மீற்றரில் 3 நிமிடம் தரித்து, சிலிண்டரில் 50 பார் (அமுக்க அலகு) காற்று மிஞ்சியிருக்கும்போதே மேலே வந்துவிட வேண்டும். மேலெழும்போது ஒருபோதும் மூச்சை அடக்கக்கூடாது: 20 மீற்றரில் நுரையீரலை நிரப்பிய காற்று மேற்பரப்பில் மூன்று மடங்காக விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும். தனியே இறங்குவதைப் படகு முதலாளியான சம்மாட்டியே தடுக்க வேண்டும்; துணைக்கு ஒருவரை அனுப்பாமல் மிச்சம் பிடிக்கும் கூலியை நான் வருமானமாகக் கருதமாட்டேன்.

கேள்வி: நிரப்பிய சிலிண்டரில் சில வேளைகளில் புகை நாற்றம் வருகின்றது. பயன்படுத்தலாமா?
– வாசகர், மன்னார்

பதில்: கூடாது, அந்தக் காற்றை முழுவதும் வெளியேற்றிவிடுங்கள். புகையோடு காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயுவும் வந்திருக்கும். அதற்கு மணமில்லை, ஆழத்தில் அதன் நச்சு கடுமையாகும். கொம்பிரசரின் காற்று உறிஞ்சும் குழாயை இயந்திரப் புகைக்கு எதிர்ப்பக்கமாக, காற்று வரும் திசையில் உயர்த்திக் கட்டுங்கள். வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுங்கள். நாற்றம் இல்லாதபோதும் கடலுக்கடியில் தலைவலியோ குமட்டலோ தோன்றினால், துணைவருக்குச் சைகை காட்டி, மெதுவாக மேலே வந்துவிடுங்கள். அதே கொம்பிரசரில் நிரப்பிய மற்றச் சிலிண்டர்களையும் அன்று எவரும் எடுக்க விடாதீர்கள்.