வாசகர் கேள்வி – பதில்: தடை ஆணை எங்கே இருக்கிறது?

கேள்வி: எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஒரு நூலைக் கேட்டபோது, "அது தடை செய்யப்பட்ட புத்தகம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதே நூல் புத்தகக் காட்சியில் தாராளமாக விற்பனையானது. தடை உண்மையா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?
– ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்

பதில்: யாரோ வாய்மொழியாகச் சொல்லிவிடுவதால் எந்த நூலும் தடை செய்யப்பட்டதாகிவிடாது. ஒரு மாநில அரசு ஒரு நூலைப் பறிமுதல் செய்ய வேண்டுமானால், இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 98ஆம் பிரிவின்படி, அந்த முடிவுக்கு வந்ததன் காரணங்களைக் குறிப்பிட்டு அறிவிக்கை வெளியிட்டாக வேண்டும். அது அரசிதழில் வெளியான இரண்டு மாதங்களுக்குள், அந்நூலோடு தொடர்புடைய எவரும் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். 1928இல் பாரதியின் பாடல்களைப் பறிமுதல் செய்ய ஆங்கில அரசு பயன்படுத்திய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 99ஏ பிரிவுதான், எண்ணும் பெயரும் மாறி இன்று இப்படி நிற்கிறது.

காரணம் சொல்வது வெறும் சடங்கு அன்று. 1969இல் உத்தரப் பிரதேச அரசு, இராமாயணம் பற்றிய பெரியாரின் ஆங்கில நூலையும் அதன் இந்தி மொழிபெயர்ப்பான 'சச்சி ராமாயண்' நூலையும் பறிமுதல் செய்தது. ஆட்சேபத்துக்குரியவை என்று கருதிய பக்கங்களையும் வரிகளையும் பின்னிணைப்பில் வரிசையாக அடுக்கியிருந்த அந்த ஆணையில், அவை ஏன் ஆட்சேபத்துக்குரியவை என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. இந்தி நூலை வெளியிட்ட லலாய் சிங் யாதவ் வழக்குத் தொடர்ந்தார். 1971இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. வரிகளைப் படித்தாலே காரணம் புரிந்துவிடும் என்ற அரசின் வாதத்தை, 1976இல் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீரில் 25 நூல்கள் பறிமுதல் செய்யப்பட்டதும் 98ஆம் பிரிவின்கீழ்தான். அந்த ஆணையை நான் ஏற்கவில்லை. ஆயினும் அது அச்சில் இருப்பதால்தான் அதை எதிர்த்து வாதாட முடிகிறது.

அச்சில் இல்லாத தடையும் உண்டு. சல்மான் ருஷ்டியின் 'சாத்தானின் வசனங்கள்' நாவலை இறக்குமதி செய்வதற்கு 1988இல் சுங்கச் சட்டத்தின்கீழ் விதிக்கப்பட்ட தடையை எதிர்த்து 2019இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. அந்த அறிவிக்கையைத் தாக்கல் செய்யும்படி கேட்டபோது, எந்தத் துறையாலும் அதைத் தேடி எடுக்க முடியவில்லை. அப்படி ஓர் அறிவிக்கையே இல்லை என்று கொள்வதைத் தவிர வேறு வழியில்லை என 2024 நவம்பரில் நீதிமன்றம் கூறிவிட்டது. முப்பத்தாறு ஆண்டுகள் எல்லோரும் கீழ்ப்படிந்த ஒரு தாள், கேட்டபோது கிடைக்கவில்லை!

கேள்வி: நூலகத்தில் ஒரு நூலை வாங்காமல் விடுவதும், சத்தமில்லாமல் அலமாரியிலிருந்து எடுத்துவிடுவதும் தணிக்கை ஆகாதா?
– திருச்சியிலிருந்து ஒரு வாசகி

பதில்: வாங்காமல் விடுவது எல்லாம் தணிக்கை ஆகாது, பணமும் இடமும் எந்த நூலகத்துக்கும் அளவுக்கு உட்பட்டவைதான். ஆனால் இருந்த நூலை எடுத்துவிடுவது வேறு. அதற்கு ஆணை எதுவும் இல்லாததால் எதிர்த்து வாதாடவும் வழியில்லை. ஆகவே பகிரங்கமான தடையைவிட இதையே நான் அதிகம் அஞ்சுகிறேன். தமிழ்நாட்டின் பொது நூலகங்கள், நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் வசூலாகும் நூலக வரியில் நடப்பவை. எனவே கணக்குக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாவட்ட நூலக அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "ஏன் எடுத்தீர்கள்?" என்று கேட்டால், அது தகவல் அன்று, விளக்கம் என்று சொல்லி மனுவைத் தள்ளிவிட முடியும். ஆகவே அந்நூலின் இருப்புப் பதிவேட்டுப் பக்கம், கழிவு செய்யப்பட்ட நூல்களின் பட்டியல், அதற்கு ஒப்புதல் அளித்த கடிதம் ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

கேள்வி: இணையப் பக்கங்களை முடக்கும்போதும் இப்படிக் காரணம் சொல்ல வேண்டுமா?
– மதுரையிலிருந்து ஒரு வாசகர்

பதில்: எழுதி வைக்க வேண்டும், ஆனால் உங்களுக்குக் காட்ட வேண்டியதில்லை என்பதுதான் இன்றைய நடைமுறை. இணையப் பக்கங்களை முடக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு, காரணங்களை எழுத்தில் பதியச் சொல்கிறது. அப்பிரிவுக்கான 2009ஆம் ஆண்டின் விதிகளோ, புகார்களையும் எடுத்த நடவடிக்கைகளையும் ரகசியமாக வைக்கச் சொல்கின்றன. காரணங்கள் எழுத்தில் இருப்பதால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு மூலம் எதிர்க்கலாம் என்று சொல்லித்தான் 2015இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவை நிலைநிறுத்தியது. கண்ணில் காட்டாத காரணத்தை எதிர்த்து எப்படி மனு எழுதுவது என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. காஷ்மீர் இணைய முடக்கம் தொடர்பான அனுராதா பாசின் வழக்கில், அத்தகைய ஆணைகளை வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரியில் அதே நீதிமன்றம் கூறியது. உங்கள் பக்கம் முடக்கப்பட்டால், அந்தத் தீர்ப்பைச் சுட்டிக்காட்டி, முதலில் ஆணையின் நகலைக் கேளுங்கள்.